பத்தடி பின்னால் வைத்த கேமரா

வெள்ளைத்துரையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சூடாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரைப் பத்தி எழுத என்ன இருக்கு? வந்தார், உக்காந்தார், போனார்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த என் ஸ்டுடியோவுக்கு அவர் ஒரு வருஷம் வந்து போனார். அத்தனை நாளில் அவர் சிரித்தும் நான் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஆறிப்போயிருந்தாலும் குடிப்பார்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் மதுரையில் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் வேலை கிடைத்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிஷம் லேட் என்று குறித்து வைக்கிற வேலை. கோச்சடையில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடு கட்டினார். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண் முத்துத்தாயைக் கட்டிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. சொல்லப்போனால் மதுரையில் அவரைப் போல ஆயிரம் பேர் சைக்கிளில் மில்லுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை அவர் கடைக்கு வந்தது எழுபத்தேழு ஐப்பசியில். வெளியே நல்ல மழை. நனைந்துகொண்டே வந்து நின்று, "ராத்திரியில படம் எடுக்கிற கேமரா இருக்காண்ணே?" என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு ஒரு கல்யாண ஆல்பத்துக்காரரோடு தகராறு. எரிச்சலில் இருந்தேன். "ராத்திரிக்குன்னு தனிக் கேமரா கிடையாதுண்ணே. பகல்ல எடுக்கிறதேதான் ராத்திரியிலயும் எடுக்கும். எடுக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது. சொல்லிக் குடுங்க" என்றார். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று கடைசிவரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

எதை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். "எங்க தெருவுல எரியாத விளக்கு ஒண்ணு இருக்கு. அதை எடுக்கணும்" என்றார். ஆள் சரியில்லையோ என்று நினைத்தேன். அப்புறம்தான், யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்வதுபோல, முழுவதையும் சொன்னார்.

ஆவணி மாதம் பௌர்ணமியன்று புருஷனும் பெண்சாதியும் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு எட்டு மணி வாக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால். குறுக்கே மூன்று நீளக் கற்களைப் போட்ட பாலம். அவர்கள் இல்லாத நேரத்தில் பாரவண்டி ஒன்று ஏறி நடுக்கல் உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. இவர் கையில் டார்ச் லைட். நிலா இருந்தாலும் மழை பெய்தாலும் டார்ச் இல்லாமல் வெளியே போகிற வழக்கம் இல்லை. நம் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாரையும் போல இவர் முன்னால் போனார், அவள் பத்தடி பின்னால் வந்தாள். சேர்ந்து நடந்தால் யாராவது கேலி செய்துவிடுவார்களாம். பதினாலு வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள்.

"பள்ளத்தைப் பாத்தேண்ணே. ஓரமா எட்டு வச்சுத் தாண்டிட்டேன். பாத்து வான்னு சொல்லல. டார்ச் வெளிச்சம் இருக்கே, அவளுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

கோவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் பின்னால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவள் இல்லை. வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. விழுந்த இடத்தில் உடைந்த கல் கிடந்தது, தலை அதில் பட்டுவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸிலிருந்து வந்த பதில். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன், எழுதி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பாலத்துக்கு மேலே இருக்கும் விளக்கு அன்றிரவு எரிந்துகொண்டிருந்ததாகவும், இறந்தவர் தன் கவனக்குறைவால் விழுந்ததாகவும் டைப் அடித்திருந்தது. 'கவனக்குறைவால்' என்ற வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"விளக்கு மூணு வருசமா எரியல. அதுகூடப் போகட்டும்ணே. இந்த ஒரு வார்த்தையை எடுக்கணும். அவ கவனமில்லாதவ இல்ல. கதவுத் தாப்பாளை மூணு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பா. அவளைப் போயி இப்படி எழுதிட்டாக."

பணமோ நஷ்டஈடோ அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வார்த்தை அந்தக் காகிதத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நூற்றிருபது பிலிம் போடுகிற சாதாரணக் கேமரா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காலேஜ் பையன்கள் சுற்றுலா போகும்போது வாங்குகிற மாடல். அதில் இருந்த ஒரே நல்ல விஷயம், பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை கேமராவின் கண் திறந்தே இருக்கும்படி ஒரு ஏற்பாடு. அதைக் காட்டிக் கொடுத்தேன். மறுவாரம் ரோலைக் கொண்டுவந்தார். கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கையில் பிடித்தே எடுத்திருக்கிறார். தூரத்து விளக்குகள் எல்லாம் புழு நெளிந்ததுபோல் இருந்தன, மற்றதெல்லாம் கறுப்பு. பிரிண்ட் போட வேண்டாம் என்றேன். கேட்காமல் போடச் சொல்லி ஆபீஸுக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி, "கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் இப்படித்தான்யா வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதற்கப்புறம் நான் கொஞ்சம் மனசு வைத்தேன். என்னிடம் ஒரு பழைய முக்காலி ஸ்டாண்டு கிடந்தது. ஒரு கால் ஆடும். அதைத் துணி சுற்றி இறுக்கிக் கொடுத்தேன். நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டு அதில் கல்லைப் போட்டால் காற்றுக்கு ஆடாது என்றேன். விரலால் பொத்தானை அமுக்கினால் எப்படியும் ஒரு ஆட்டம் இருக்கும், அதனால் பொத்தானில் திருகி, தொடாமல் எட்ட நின்று அமுக்குகிற ஒரு முழ நீளக் கேபிளையும் கொடுத்தேன். எதிரே லாரி வந்தால் கறுப்பு அட்டையால் கண்ணை மறை, போனதும் எடு, மறைத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதே என்றேன். எல்லாவற்றையும் மில் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிந்து, சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவர்தான்.

நேரம் பார்ப்பது அவருக்குத் தொழிலாயிற்றே. எந்தப் படம், எந்தத் திதி, எத்தனை நிமிஷம், மேகம் உண்டா இல்லையா என்று கோடு போட்டு எழுதுவார். தையும் மாசியும் போயின. அரை நிமிஷத்தில் ஆரம்பித்து இரண்டு, ஐந்து, எட்டு என்று ஏறினார். நிலா இருக்கும் நாளில் பதினைந்து நிமிஷம் திறந்து வைத்தால்தான் தெரு முழுசாக விழுகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். அப்போது நான் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தேன், எனக்கு அது தெரியாது. தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவைத்தேன்.

ஒருநாள் ஒரு பிரிண்டை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எடுக்கையில எட்டுப் பேர் நடந்து போனாகண்ணே. ஒரு மாட்டு வண்டியும் போச்சு. ஒருத்தரும் இல்லையே" என்றார்.

"நடக்கிறவங்க விழ மாட்டாங்க. அசையாம நின்னாத்தான் பிலிம்ல பதியும்" என்றேன். சரி என்று நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

சித்திரையில் ஒரு படம் வந்தது. நான் எடுத்திருந்தால் கடை வாசலில் மாட்டியிருப்பேன். தெருக்கோடியில் எரிகிற விளக்கு ஒன்று, கிட்டத்தில், பாலத்துக்கு மேலே, எரியாத விளக்கு. எரியாத விளக்கின் தட்டுக்குள்ளே குருவி கூடு கட்டியிருந்தது ஒவ்வொரு குச்சியாகத் தெரிந்தது. கீழே பாலம், இரண்டு கல், நடுவில் பள்ளம். இத்தனை மாதத்தில் அந்தக் கல்லை மாற்ற ஒருவருக்கும் கை வரவில்லை, பள்ளத்தின் மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். படம் எடுப்பதற்காக அவர் முள்ளை ஓரமாக எடுத்துவைத்து, முடிந்ததும் மறுபடி போட்டிருக்கிறார்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு நானும் ஆபீஸுக்குக் கூடப் போனேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கூடே கட்டியிருக்குன்னா அது ரொம்ப நாளா எரியலதான். ஒத்துக்கிறேன்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு விட்டாரா? படத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"ஆனா பாருங்க, உங்க படத்துலயே பள்ளம் பளிச்சுன்னு தெரியுது. அன்னைக்கும் பௌர்ணமின்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. விளக்கே இல்லாம இம்புட்டுத் தெரியுதே, கவனிச்சு வந்திருந்தா விழுந்திருப்பாங்களா?"

நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பதினைந்து நிமிஷம் கேமரா பார்த்ததை மனுஷக் கண்ணோடு சேர்த்துப் பேசலாமா என்று கத்தினேன். பியூன் வந்து என் தோளைப் பிடித்தான். வெள்ளைத்துரை படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஏழு மாதமாகக் கற்றுக்கொண்டு எடுத்த படம், அவளையே குற்றவாளி ஆக்கிவிட்டது. கற்றுக் கொடுத்தவன் நான்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். வந்ததும் நேராகக் கேட்டார்: "அப்ப அவ கண்ணுக்கு என்னதாண்ணே தெரிஞ்சிருக்கும்?"

நான் யோசிக்காமல், "அவங்க நின்ன இடத்துல நின்னு பாத்தாத்தானே தெரியும்" என்றேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்புறம் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

வைகாசிப் பௌர்ணமியன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டார். கோச்சடையில் அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பிலிருந்து வருகிற வழியில், நின்றோம். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். நிலா நன்றாக மேலே வந்திருந்தது. ஸ்டாண்டின் கால்களைச் சுருக்கி, கேமராவைத் தன் தோளுக்குச் சரியாக இறக்கி வைத்தார். ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டேன்.

"அவ உசரம்" என்றார்.

டார்ச் இல்லாமல் நான் கேமராவுக்குப் பின்னால் நின்று வெறும் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது. கல் இரண்டும் சாம்பல் நிறத்தில், நடுவில் பள்ளம் கறுப்பாக, நன்றாகவே தெரிந்தது. அதிகாரி சொன்னது மெய்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"நான் முன்னாடி போறேன். அன்னைக்கு மாதிரியே போறேன். பள்ளத்தைத் தாண்டி நின்னுக்கிறேன். நீங்க அமுக்குங்க. முப்பது எண்ணுங்க" என்றார். டார்ச்சைப் போட்டார். நடந்தார். ஓரமாக எட்டு வைத்துத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

நான் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அமுக்காமல் நின்றேன். அவருக்கு முன்னால் பத்தடிக்குப் புழுதியெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. வேட்டியின் ஓரம் தெரிந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் எதுவுமே இல்லை. பாலம் இல்லை, பள்ளம் இல்லை. சற்று முன்னால் நான் பார்த்த கல்லைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாமல் போயிற்று. அந்த நேரத்தில் யாராவது நடக்கச் சொல்லியிருந்தால் நானும் நேராகப் போய் அதில்தான் விழுந்திருப்பேன்.

"அமுக்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

அமுக்கினேன். முப்பது எண்ணினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு வந்தார். "இப்ப நான் இங்க நின்னு பாக்கிறேன். நீங்க டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போங்க" என்றார். வேண்டாம்ணே என்றேன். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலை மடக்கி, கேமராவின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டார். நான் போனேன். தாண்டினேன். நின்றேன். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "சரி" என்றார்.

பிலிமைக் கழுவினால் நான் கண்ணால் கண்டதுதான் வந்தது. ஒரு ஆள் முதுகு, அவனுக்கு முன்னால் வெளிச்சம், மற்றபடி ஒன்றும் இல்லை. டார்க் ரூமிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அண்ணே, இதைக் குடுக்காதீங்க. விளக்கு எரியலன்னு ஒத்துக்கிட்டாங்கள்ல, அதோட நிறுத்திக்குங்க. இந்த நெகட்டிவை இங்கேயே கொளுத்திருவோம். உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"அந்த வார்த்தை அப்படியே இருக்கேண்ணே" என்றார்.

 நான்தான் பிரிண்ட் போட்டேன்.

ஆபீஸில் இந்தத் தடவை காத்திருக்க வேண்டியதாகவே இல்லை. 'நான் டார்ச்சுடன் முன்னால் சென்றேன், பள்ளத்தைப் பார்த்தும் சொல்லவில்லை, என் டார்ச் வெளிச்சத்தால் பின்னால் வந்த என் மனைவிக்குப் பள்ளம் தெரியவில்லை' என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இது உங்க தலையில வந்து விழும், தெரியுதுல்ல?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார். பத்து மாதம் நகராத காகிதம் ஒரு மணி நேரத்தில் நகர்ந்தது. நகராமல் என்ன செய்யும்? விளக்கும் தப்பித்தது, பாலமும் தப்பித்தது.

மறுநாள் அந்தக் காகிதத்தை என் கடைக்குக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் காகிதத்துக்கு நகல் வேண்டும் என்றால் ஸ்டுடியோவில் போட்டோ பிடித்துத்தான் எடுப்பார்கள். சுவரில் ஒட்டிவைத்துக் கேமராவில் பார்த்தேன். கணவர் வைத்திருந்த டார்ச் விளக்கே விபத்துக்குக் காரணம் என்றும், இறந்தவர் தரப்பில் கவனக்குறைவு ஏதும் இல்லை என்றும் இருந்தது.

"எத்தனை காப்பிண்ணே?"

"ரெண்டு. ஒண்ணு அவ அண்ணன் உக்கிரபாண்டிக்கு."

"அவங்க உங்களை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

"விட மாட்டாக" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர் போனார். திங்கட்கிழமை சாயங்காலம் மில் விட்டு வந்து, வழக்கமாக உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"வாசல்லயே நின்னுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். 'என் தங்கச்சி மேல தப்பில்லைன்னு எழுதிட்டாகளா'ன்னு கேட்டார். ஆமான்னேன். உள்ள போயி அவ படத்துக்குப் பின்னாடி சொருகிட்டு வந்தார். 'இனி இந்த வாசப்படி மிதிக்காத'ன்னார். சரின்னு வந்துட்டேன்."

நான் டீ சொன்னேன். டீ வந்தது. அவர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நல்ல தூரம்ணே. இருட்டிருச்சு. டார்ச்சை நான் கொண்டு போகல. நடக்கும்போது பத்தடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு திரும்பிப் பாத்தேன். பாத்து வா, பாத்து வான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ரோட்டுல போறவுக எல்லாம் என்னைப் பாத்தாக. பின்னாடி யாருமே வரலண்ணே."

அப்போதுதான் அவர் அழுதார். நான் கடையை அடைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.